ஆரடா உன்னைக் குளிக்கச் சொன்னது?

மச்சான், பாரிஸ் மார்க்ஸ் டோர்மோயில் என் அறைக் கதவுக்குப் பின்னால் உன் வேட்டைக் கோட் தொங்குகிறது. உன் செத்தவீடு முடிந்த மாதம் உன் மனைவி தந்தாள். அன்றே மூக்கைப் புதைத்து முகர்ந்தேன். ஒரு மணமும் இல்லை. செத்தும் என்னை வென்றுவிட்டாய்.

ரூ பெர்தொனே தெருவில் ஒரே சாப்பாட்டுக் கடையின் அடுப்படியில்தான் இருவரும் வெந்தோம். வேட்டைக்குப் பெர்மி என்ற அனுமதிப் பத்திரம் எடுத்த தமிழ்ப் பேரரசர்கள் நாங்கள் இருவர்தான். என்மேல் ஏறிய கறித்தூள் வாசத்துக்கு மெத்ரோ ரயிலே தும்மும். நீயோ ஞாயிறு வேட்டைக்குச் சனிக்கிழமையே வெங்காயத்தை விலக்கி, வாசமில்லாத சவுக்காரம் போட்டுக் குளித்து, கோட்டைக் காய்ந்த இலைகளோடு பையில் கட்டிவைப்பாய். "மானின்ரை கண்ணை ஏய்க்கலாம், மூக்கை ஏய்க்கேலாது" என்பாய். காட்டில் ஒரு சிட்டிகை மாவை ஊதிக் காற்றைப் பார்ப்பாய். பிறகு கட்டளை வரும்: "நீ அங்கை, அந்த மேட்டிலை நில்."

நின்றேன். பதினொரு குளிர்காலம் நின்றேன். மான்கள் எல்லாம் கீழே உன் மரத்தடிக்கே போயின. பிரான்ஸ் தேசத்து மான்கள் மகாநாடு கூட்டி உனக்கே வாக்களித்ததாக நம்பினேன். நீ தந்த இறைச்சியைத் தின்றுகொண்டே பொறாமையில் எரிந்தேன். ஒரே ஒரு மான் என்னிடம் வந்தால் போதும் என்றிருந்தது.

அதற்காக ஒருமுறை உன் சவுக்காரத்தைத் திருடிக் குளித்துவிட்டு வந்தேன். அன்று இருவருக்கும் மான் இல்லை. நீ என் கழுத்தடியை முகர்ந்து துள்ளினாய்: "ஆரடா உன்னைக் குளிக்கச் சொன்னது?" உனக்கும் பொறாமை வந்துவிட்டதென்று ஒரு வாரம் ராசாவாகத் திரிந்தேன்.

கோட்டைத் தந்தபோதுதான் உன் மனைவி சொன்னாள்.

"உங்களுக்குத் தெரியாதே அண்ணை? காத்து வாற பக்கமா உங்களை விடுவாராம். உங்கடை தூள் மணத்துக்கு வெருண்டு மான் நேரை இவரிட்டை ஓடிவருமாம்."

துரோகி! அப்படியென்றால் அத்தனை மானிலும் பாதி நான் பிடித்தது.

போன ஞாயிறு உன் கோட்டைப் போட்டுக்கொண்டு தனியே போனேன். குளிக்கவில்லை. உன் மரத்தடியில் நிற்கத்தான் நினைத்தேன். கால் மேட்டுக்கே ஏறியது. காற்று முதுகுப் பக்கமிருந்து வீசியது. சற்று நேரத்தில் கீழே மூன்று மான்கள் வெருண்டு, நேரே உன் மரத்தை நோக்கி ஓடின. அங்கே யாரும் இல்லை.

கோட்டில் இப்போது என் கறித்தூள் மணம் ஏறிவிட்டது. துவைக்கமாட்டேன். முடிந்தால் வந்து முகர்ந்து பார்த்துத் திட்டடா.