மதகடியில் இருந்தவர்

12-5-1979, சனி

ஏரி வற்ற வற்றக் கூட்டம் தாங்கவில்லை. வெளியூர்க்காரர்கள் இனி தூண்டில் போடக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. காவல் எனக்கு. இங்கே மீன் பிடிக்க வீட்டுக்கொரு இடம் உண்டு. எங்கள் வீட்டுக்கு மதகடி. சாயங்காலம் அங்கே தலையில் துண்டோடு ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

“வெளியூரு ஆளுங்க போடக் கூடாதுங்க, எந்திரிங்க.”

அவர் திரும்பவில்லை. “நான் வேப்பமரத்து வூடுப்பா. நீ எந்த ஊரு?”

வேப்பமரத்து வீடு என்னுடையது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஜெயங்கொண்டத்திலிருந்து வந்து வாங்கினேன். விற்ற பெரியவர் அதே மாதம் இந்த மதகில்தான் விழுந்து செத்தார்.

வீட்டுக்கு வந்துவிட்டேன்.

“மீனு கொண்டாந்தீங்களா? கொல்லையில கவிச்சி அடிக்குதே” என்று இப்போது இவள் கேட்கிறாள்.

நான் வெறுங்கையோடுதான் வந்தேன்.