மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வருஷம்

ஜூன் 3

டீச்சரம்மாவுக்கு,

முட்டிவலி எப்படி இருக்கிறது? எனக்கு இடது கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. இப்போது வலது கண் பொறாமைப்படுகிறது.

அச்சகத்தை மூடப்போகிறோம். மகளுக்கு இதில் பிடிப்பில்லை. இடத்தை மருந்துக்கடைக்கு விடுகிறாள். மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு புத்தகம் போட ஆசை. உங்கள் வீட்டுக்காரர் எழுதிய ‘காய்ச்சல் வராத ஊர்’. அவரை நான் மேகம் என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். எனக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை.

நூலகத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, கழித்துக்கட்டிய புத்தகக் குவியலில் அதைக் கண்டெடுத்து, முதல் பக்கத்து விலாசத்தைப் பிடித்து என்னிடம் வந்துவிட்டாள். “நடந்த சரித்திரத்தை மாத்தி, அதுல விஞ்ஞானக் கதை பண்ணியிருக்காரு. நாப்பது வருஷமா இது எங்கே சார் கிடந்தது?” என்றாள். “எங்க பரண்லதாம்மா, முந்நூறு பிரதி” என்றேன். கூரைகளுக்கு மேலே ஓடும் டிராம், வெளிச்சத்தில் அனுப்பும் கடிதம், எல்லாம் அவளுக்குப் பிடித்திருக்கிறது. ஒன்றுதான் இடிக்கிறதாம். நிஜத்தில் நம் ஊரில் காய்ச்சல் வந்தது முப்பத்துநாலில். அதற்கு முன்பே மருந்து கிடைத்ததால் யாருமே சாகவில்லை என்பதுதானே கதை? புத்தகத்தில் மருந்து முப்பத்தெட்டில் என்று இருக்கிறது. “அப்ப டிராம் ஓட்டுறவங்க எல்லாம் பேயா?” என்றாள். அந்தக் காலத்து விமர்சகரும் இதையே கேட்டார், நினைவிருக்கும்.

கையெழுத்துப் பிரதி உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள், ஒப்பிட்டுச் சரிசெய்கிறேன். ‘முதல் பதிப்பில் அச்சுப்பிழை’ என்று முன்னுரையில் போட்டுவிடலாம். உங்கள் சம்மதமும் வேண்டும்.

அன்புடன்,
அச்சக அண்ணன்

—

ஜூன் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொன்னால் கேட்கிற ஆளில்லை நீங்கள்.

அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டேன். அவருடைய காகிதமெல்லாம் மாடியில் இருக்கிறது. யாரும் படிக்காத புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு எதற்கு? நூலகப் பெண்ணுக்கு என் வாழ்த்து. அவள் படித்துவிட்டாள், அது போதும்.

ஒரு விஷயம். போன கடிதத்தில் இரண்டு இடத்தில் கமா தவறு. கண் ஆபரேஷன் என்பதால் விட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
டீச்சர்

—

ஜூன் 20

டீச்சரம்மாவுக்கு,

கமாவுக்கு மன்னிப்பு. நாற்பது வருஷம் புரூஃப் பார்த்தவனுக்கு இது தேவைதான்.

வற்புறுத்துவதாக நினைக்காதீர்கள். மாதக் கடைசியில் இயந்திரத்தைக் கழற்ற ஆள் வருகிறான். அதற்குள் அச்சேறவில்லை என்றால் இந்தப் புத்தகத்தை இனி யாரும் போடப்போவதில்லை. எனக்கும் எண்பத்தொன்று ஆகிறது. பிரதியை எடுக்க மகளை அனுப்பட்டுமா? அவளுக்கு முட்டி நன்றாக இருக்கிறது.

பிழை என் அச்சகத்துடையது என்றே போடுகிறேன். எழுத்துக் கோத்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை, கோபித்துக்கொள்ள ஆளில்லை.

அன்புடன்,
அண்ணன்

—

ஜூன் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

செத்தவர்கள் மேல் பழி போடவேண்டாம். உங்கள் ஆட்கள் நான் தட்டச்சு செய்து கொடுத்ததை ஒரு புள்ளி மாறாமல் கோத்தார்கள். வருஷத்தை மாற்றியது நான்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அலுத்துவிட்டது, எழுதிவிடுகிறேன். அப்போது பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சரித்திரம் எடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முகம் கழுவிக்கொண்டு, அவர் எழுதியதில் தினம் ஆறு பக்கம் தட்டுவேன். மூன்றாம் அத்தியாயத்தில், மருந்து இருபத்தாறில் கிடைத்தது என்று எழுதியிருந்தார். பரீட்சைத் தாள் திருத்துகிற கை நிற்கவில்லை. முப்பத்தெட்டு என்று அடித்தேன். அந்த வருஷத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அம்மா முப்பத்துநாலில் போனாள். எனக்கு எட்டு வயது. நாலு வருஷம் கழித்து மருந்து வந்த அன்று, விடுதியில் சிஸ்டர்கள் எங்களை முழங்காலில் நிற்கவைத்து நன்றி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

அதுவரை பிழைதான். ஒன்பதாம் அத்தியாயம் வந்தபோது, ஒரு பெண் மழையில் டிராமை விட்டு இறங்கி, பள்ளிக்கூட வாசலில் நிற்கும் மகளைக் கூப்பிடுகிறாள். அந்த மகள் நான். யாருக்காக எழுதுகிறார் என்று அன்றைக்குத் தெரிந்தது. மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துத் திரும்ப அடித்திருக்கலாம். ஒரு தாள். அடிக்கவில்லை. பின்னால் வந்த இடங்களையும் முப்பத்தெட்டாகவே மாற்றிக்கொண்டு போனேன்.

ஏன் என்று கேட்பீர்கள். நடந்தது எல்லாம் நடந்தே தீரவேண்டியது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். யாரோ ஒருத்தர் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாள் என்று என் வீட்டு மேஜையிலேயே ஒருவர் எழுதிவைத்தால் நான் எங்கே போவேன்?

அவர் அச்சான புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எழுதவும் இல்லை. விமர்சனம் அவரை ஒடித்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் பேசாமல் இருந்தேன்.

புத்தகம் வேண்டாம். முன்னுரையும் வேண்டாம்.

டீச்சர்

—

ஜூன் 26

தங்கச்சிக்கு,

டீச்சரம்மா என்று எழுதக் கை வரவில்லை.

மேகம் பார்த்தான். புத்தகத்தை அல்ல, புரூஃபை. நான்தான் சைக்கிளில் அவன் ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். கதையை அவன் எனக்கு முன்பே வாய்வழியாகச் சொல்லியிருந்ததால், வருஷம் இடிப்பது எனக்குத் தெரிந்தது. “இருபத்தாறுதானேடா?” என்றேன். பார்த்தான். “ஆமா” என்றான்.

“மாத்திடட்டுமா? நாலு வரி, அரை மணி நேர வேலை.”

“வேண்டாம். அவளுக்கு அது முப்பத்தெட்டாவே இருக்கணும்போல. கேக்காம அவங்க அம்மாவைக் கூட்டிட்டு வந்தது என் தப்பு.”

“புத்தகம் செத்துப்போயிடும்டா.”

“போகட்டும். வீட்டுல சொல்லிடாதே.”

அவனை விமர்சகர் ஒடிக்கவில்லை. அந்த விமர்சனத்தை எனக்கு வாசித்துக்காட்டி, “பேய்னு எழுதியிருக்கான் பாரு, நல்லா எழுதுறான்” என்று சிரித்தான். அப்புறம் ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியாது. உங்களைக் கேட்காமல் இனி எதையும் எழுதக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ. கேட்கவும் பயந்திருப்பான். உங்களைக் கேட்க யாருக்குத்தான் பயமில்லை?

அச்சுப்பிழை என்று போட நினைத்ததும் அவனுக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான். இன்று அதை உடைத்துவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். பழைய புத்தகத்தைப் பார்த்து எல்லாப் பக்கமும் கோத்து வைத்தாயிற்று, வருஷம்தான் பாக்கி. இயந்திரம் முப்பதாம் தேதி போகிறது.

அண்ணன்

—

ஜூன் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதைக் கொண்டுவருவது உங்கள் மகள்தான். நேற்றுக் காலையில் கூப்பிட்டேன், வந்தாள். மாடி ஏறிப் பிரதியை எடுத்துக்கொடுத்தாள். நல்ல பெண். தூசிக்கு ஏழு தடவை தும்மினாள்.

முப்பத்தொரு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவர் என்னிடம் கேட்டிருந்தால் போதும். கோபப்பட்டிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு அந்த ஒரு தாளைத் திரும்ப அடித்திருப்பேன். என்னை உடைகிற கண்ணாடி என்று நீங்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டீர்கள். அவரிடம் இனிச் சண்டை போட முடியாது. உங்களிடம் போட வேண்டியிருக்கிறது; கொஞ்ச நாள் எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். புத்தகம் முடிந்ததும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

எல்லா இடத்திலும் இருபத்தாறு என்று போடுங்கள். அச்சுப்பிழை என்று போடக்கூடாது. முன்னுரையில் ஒரே வரி: ‘முதல் பதிப்பில் வருஷத்தை மாற்றியவர் ஆசிரியரின் மனைவி.’ காரணம் எழுத வேண்டாம்.

நேற்றுப் பகலும் இன்று காலையுமாகப் பிரதி முழுவதையும் சிவப்புப் பேனாவோடு படித்தேன். பழக்கம். எழுத்துப்பிழை பதினொன்று, திருத்தியிருக்கிறேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் அந்த அம்மா குடை பிடித்துக்கொண்டு வருகிறாள். என் அம்மாவிடம் குடை கிடையாது. மழை வந்தால் நனைந்துகொண்டுதான் வருவாள். அவரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், மறந்துவிட்டார்.

அதைத் திருத்தவில்லை. நீங்களும் தொடாதீர்கள். மழை பெரிய மழை என்று எழுதியிருக்கிறார், குடை இருக்கட்டும்.

உங்கள்,
தங்கச்சி