சூடம் கொளுத்திக் கூப்பிட்ட வயல்

சேத்தூர்
3.1.1994

அன்பு மகன் சேதுபதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத ஆசைதான், உயிரோடு இருக்கிறோம். அந்தப் பட்டாளத்து ஊர்ப் பனியில் நீயும் மருமகள் வேலுத்தாயும் பேத்தியும் சுகமாக இருக்க அய்யனார் துணை.

அன்றைக்கு வயலில் இருந்தது உன் தம்பி சுயம்புலிங்கம், சோற்றுத் தூக்கோடு நான், நிலத்துக்காரரான உன் மாமனார் ஆவுடையப்பன், வாடகை டிராக்டர் சங்கத் தலைவன் மலைச்சாமி, அவன் தங்கச்சி மகன் கருத்தையா, கூட வந்த சங்கத்து ஆட்கள். நீ இல்லை. அதனால்தான் தை மாதம் லீவில் வருகிறேன், பிள்ளைக்குக் காது குத்த வேண்டும், நடந்ததை மறந்து மாமனாரையும் பந்தியில் உட்கார வை என்று உன்னால் எழுத முடிகிறது.

டீசல் விலை ஏறியதும், வாடகையை நிலத்துக்காரர்கள் கூட்டித் தரும்வரை ஒரு வண்டியும் உழவுக்கு இறங்கக் கூடாது என்று ஐப்பசியில் சங்கம் கட்டுப்பாடு போட்டது. உன் தம்பியும் சம்மதித்து நம் டிராக்டரைக் கழுவி நிறுத்திவிட்டான். உன் மாமனார்தான் விடியவும் வந்து நின்றார். நாத்து முத்திப் போச்சு மாப்ள, இன்னைக்குத் தண்ணியக் கட்டித் தொளி உழலைன்னா வயலு தரிசுதான், நம்ம வீட்டு வண்டி இருக்கையில நான் யார்ட்டப் போவேன் என்றார். போகாதே என்றேன். அண்ணன் மாமனாரு கேக்காவ, முகத்தை முறிக்க முடியுமாம்மா என்று போனான். நம் பக்கம் நிலத்துக்காரர் வண்டிக்கு முன்னால் சூடம் கொளுத்தி, தானே முதலில் சகதியில் கால் வைத்துக் கூப்பிட்டால்தான் வண்டி இறங்கும். உன் மாமனார் கொளுத்தினார், கால் வைத்தார், வாங்க மாப்ள என்றார். நான் வரப்பில் நின்று பார்த்தேன்.

இரண்டு சுற்று முடியுமுன் மூன்று வண்டிகள் வந்தன. மூன்றிலும் கேஜ் வீல், சகதியைக் கலக்கும் அந்த இரும்புச் சக்கரம். ஏலே சுயம்பு, ஊருக்கு ஒரு சட்டம், ஒங்க அண்ணன் மாமனாருக்கு ஒரு சட்டமாலே, எறங்குலே கீழ என்று மலைச்சாமி கத்தினான். உன் தம்பி வாய் சும்மா இருக்குமா? நீரு தலைவரா தலையாரியாவே, செத்த நேரம் பொறும், முடிச்சிட்டு வந்து கும்பிடுதேன் என்று சிரித்தான். சிரித்த வாயிலேயே கலப்பை கோர்க்கும் இரும்பு முளையால் அடித்தார்கள். பல் தெறித்து சகதியில் விழுந்தது. முதுகில் ஏறி மிதித்தார்கள், புதைந்த முகத்தைச் சுற்றிக் குமிழி வந்தது. நான் மண்வெட்டியை எடுத்து மலைச்சாமி தோளில் போட்டேன், சதை பிளந்தது, அதற்கு எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. என் கொண்டையைப் பிடித்து இழுத்து வரப்பில் எறிந்தார்கள். அப்போதுதான் கருத்தையா வண்டியைப் பின்னால் எடுத்தான். தெரியாமல் எடுத்தானாம். திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் எடுத்தான். உன் தம்பியின் வலது காலில் சக்கரம் ஏறியதும் எலும்பு நொறுங்கிய சத்தம் இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நம் வண்டியில் டீசலை ஊற்றிக் கொளுத்திவிட்டுப் போனார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சுயம்புதான் அழைக்காத வயலில் இறங்கி எங்கள் மேல் வண்டியை ஏற்ற வந்தான் என்று அவர்கள் எதிர்வழக்குக் கொடுத்திருக்கிறார்கள். போலீஸ் உன் மாமனாரிடம் கேட்டது ஒரே கேள்வி, கூப்பிட்டாயா. நான் கூப்பிடலய்யா, அவனாத்தான் எறங்குனான் என்றார். மறுநாள் சங்கத்து வண்டி அவர் வயலை உழுது கொடுத்தது. பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டிலும் அவர் அதையே சொன்னால் உன் தம்பி ஒற்றைக் காலோடு ஜெயிலுக்குப் போவான் என்கிறார் வக்கீல். நான் அவர் வாசலில் போய் நின்றேன். அண்ணே, கூப்பிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க என்றேன். நான் இந்த ஊர்ல வெவசாயம் பாக்க வேண்டாமா தங்கச்சி, நாளைக்கு எனக்கு எந்த வண்டி வரும் என்று கதவைச் சாத்தினார்.

இதற்காக வேலுத்தாயை ஒரு சுடுசொல் சொல்லாதே, அவள் என் பிள்ளை. பேத்தி அவள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்தே காது குத்தட்டும், அந்தப் பையன் பாவம் செய்யவில்லை. நீயும் ஆத்திரத்தில் யார் மேலும் கை வைக்காதே, எனக்கு மிச்சமிருக்கிற முழுப் பிள்ளை நீதான். தம்பிக்கு வெட்டின இடம் குளிருக்கு வலிக்கிறது, மிலிட்டரி கம்பளி சாக்ஸ் மறக்காமல் வாங்கி வா. ஒரு ஜோடி போதும், இரண்டையும் அந்த வெட்டின காலுக்கே மாட்டலாம்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா சுந்தரம்மாள்

அடித்தவர்கள் பகையாளிகள், பகையாளி வேலையைச் செய்தார்கள். சாகும்போது அவர்களைக்கூட மன்னித்தாலும் மன்னிப்பேன். என் பந்தியில் இலையும் கிடையாது, என் நெஞ்சில் மன்னிப்பும் கிடையாது என்று நான் வைத்திருப்பது ஒருத்தனுக்குத்தான், ஆவுடையப்பன்.