இடப்பக்கம் தாழ்ந்த ஃபுட்போர்டு

அத்தை,

இன்று காலை இலஞ்சிக்குப் பிரியும் விலக்கில் வேகத்தடை ஏறி இறங்கும்போது காரின் இடப்பக்க ஏறுபலகை 'கிர்ர்' என்று தரையை உரசியது. டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் தம்ளரும் கையுமாக எழுந்து ஓடிவந்தார்.

"சார், லெஃப்ட் சைடு ஃபுட்போர்டு தொங்குது. கழண்டு விழப்போவுது, பாத்துக்கிடுங்க."

வாரத்துக்கு ஒருவராவது இந்தச் செய்தியைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்கள். என் ஃபுட்போர்டைப் பற்றிக் கவலைப்படாத மனிதர் தென்காசி வட்டாரத்தில் இனிமேல்தான் பிறக்க வேண்டும். "தொங்கல அண்ணாச்சி, மாட்டுனதே அப்படித்தான்" என்றேன். அவர் வண்டியை ஒருமுறையும் என்னை இரண்டுமுறையும் பார்த்துவிட்டு டீயிடம் திரும்பிப் போனார். நான் இந்தக் கடிதத்தோடு உங்களிடம் வந்துவிட்டேன்.

உங்களுக்கு நேராக எழுதுவதே ஓர் அத்துமீறல்தான். நாம் நேருக்கு நேர் பேசிக்கொண்டவர்கள் இல்லையே. மாப்பிள்ளை முன்னால் மாமியார் உட்காரக்கூடாது, முகம் பார்த்துப் பேசக்கூடாது, கைபடக்கூடாது என்று எந்தக் காலத்திலோ யாரோ உங்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். மற்ற வீட்டு மாமியார்கள் மாப்பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து டிவி பார்க்கத் தொடங்கிப் பல காலம் ஆன பிறகும் நீங்கள் மட்டும் கதவுக்குப் பின்னாலேயே நின்றீர்கள்.

எனக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வீர்கள். மகள் பக்கத்தில் இல்லாவிட்டால் செங்கோட்டை வீட்டு முற்றத்துத் தூணிடம் சொல்வீர்கள். "மாப்ளைக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்று தூணுக்கு உத்தரவு போகும். நான் தூணைப் பார்த்து, "வேணும்னு சொல்லு, சட்னி கொஞ்சம் கூட வேணும்னும் சொல்லு" என்பேன். கால் நூற்றாண்டுக் குடும்ப விவகாரம் முழுக்க அந்தத் தூண் வழியாகத்தான் நடந்தது. அதற்கு மட்டும் வாய் இருந்திருந்தால் செங்கோட்டையில் பாதிக் கல்யாணங்கள் நின்றிருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நம் ராஜதந்திர உறவில்தான் அந்தப் பெரிய வண்டி வந்து நின்றது. பழைய சின்னக் காரை விற்றுவிட்டு அதை நான் வாங்கிய நாளில் தென்காசியில் வெயில் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவு நிழல். அதன் முன் சீட்டில் உட்கார்ந்தால் மலைக்கு அந்தப் பக்கம் கொல்லத்துக் கடலில் படகு போவது தெரியும் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிவைத்தேன். குற்றாலத்துக் குரங்குகள் வழிவிட்டு ஒதுங்கி நின்றன என்றும் சொன்னேன். ஒதுங்கியது ஒரு குரங்குதான். அதுவும் முறுக்கோடு ஒதுங்கியது.

இலஞ்சி முருகன் கோவிலில் பூஜை போட்டு, மாலையும் எலுமிச்சம்பழமுமாக வண்டியை உங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். நீங்கள் அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்தீர்கள். கதவைத் திறந்தேன். உள்ளே மெத்தை உங்கள் இடுப்பு உயரத்தில் இருந்தது. முழங்காலைத் தூக்கிப் பார்த்தீர்கள். அது பாதி வழியிலேயே நின்றுவிட்டது. நான் பழக்கதோஷத்தில் கையை நீட்டினேன். நீங்கள் அந்தக் கையைத் தெருவில் எவரோ போட்டுவிட்டுப் போன பொருளைப் போலப் பார்த்தீர்கள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மகளிடம், "அடுப்புல பால் கெடக்கு, நீங்க போய்ட்டு வாங்க" என்றீர்கள். அடுப்பில் பால் இல்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது. சின்னக் கார் இருந்த காலத்தில் மாதாமாதம் கார்த்திகை தவறாமல் எங்களோடு இலஞ்சிக்கு வருவீர்கள். சீசனில் ஐந்தருவிக்குப் போய்க் குளிக்காவிட்டாலும் தூரத்தில் நின்று சாரலை முகத்தில் வாங்கிக்கொண்டு திரும்புவீர்கள். பெரிய வண்டி வந்த பிறகு ஒரு கார்த்திகைக்குத் தலைவலி, அடுத்ததற்குப் பக்கத்து வீட்டில் விசேஷம், அதற்கடுத்துப் பூனை குட்டி போட்டிருந்தது. ஆட்டோ பிடிக்கட்டுமா என்றால் மாப்பிள்ளை வீட்டில் வண்டி இருக்கும்போது ஆட்டோவா என்று கேட்டீர்கள், தூணிடம். உங்கள் மகள் கைகொடுத்துப் பார்த்தாள். அவளும் உங்கள் உயரம்தான். இரண்டு பேரும் கதவில் சிக்கிக்கொண்டு தெருவே வேடிக்கை பார்த்தது. பிளாஸ்டிக் முக்காலி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். போகிற இடமெல்லாம் முக்காலி தூக்கி வர நானென்ன மகாராணியா என்று கேட்டு, அதன்மேல் ஊறுகாய் ஜாடியை வைத்துவிட்டீர்கள். கடைசியாக, நான் கேட்க வேண்டும் என்றே சத்தமாகத் தூணிடம் ஒன்று சொன்னீர்கள்.

"ஆனை வாங்குனவுக ஏணியும் சேத்து வாங்கிருக்கலாம்லா."

அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு தென்காசி வரும்வரை சிரித்தேன். உங்கள் மகள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்தவள் அப்படியே நின்றுகொண்டு சொன்னாள்: "எங்கம்மை இனி வாசல் தாண்ட மாட்டா. ரெண்டு மாசமா பாக்கேன், தெருமுக்குக்குக்கூடப் போவல. இப்படியே உக்காந்தான்னா அங்கனயே இருந்துருவா. ஒண்ணு வண்டிய மாத்துங்க, இல்ல எங்கம்மைய மாத்துங்க. எது முடியும்னு நீங்களே பாத்துக்கிடுங்க."

உங்களை மாற்றுவது மும்மூர்த்திகளும் கமிட்டி போட்டாலும் ஆகாத காரியம். ஆகவே வண்டியை மாற்ற முடிவெடுத்தேன். விற்பதற்கு மனம் வரவில்லை. ஏணி வாங்கப் புறப்பட்டேன்.

படி எவ்வளவு உயரத்தில் இருந்தால் உங்கள் கால் ஏறும்? உங்களிடம் கேட்க முடியாது. கேட்டால் முழங்காலில் ஒன்றுமே இல்லை என்பீர்கள். எனவே அடுத்தமுறை செங்கோட்டைக்கு வந்தபோது பாக்கெட்டில் இஞ்சி டேப்பை ஒளித்துக்கொண்டு வந்தேன். நீங்கள் எந்தப் படியில் நிற்காமல் ஏறுகிறீர்கள், எந்தப் படியில் சுவரைத் தேடுகிறீர்கள் என்று உளவு பார்த்தேன். புழக்கடைப் படியில் மட்டும் யோசிக்காமல் ஏறினீர்கள். நீங்கள் குளிக்கப் போன நேரம் பார்த்து அங்கே குப்புறப் படுத்து அளந்துகொண்டிருந்தேன். பின்னால் வளையல் சத்தம் கேட்டது. நீங்கள் இன்னும் குளிக்கவில்லை. சோப்பை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தீர்கள்.

நேரே முற்றத்துக்குப் போய்த் தூணிடம் சொன்னீர்கள்: "மாப்ள வீட்ட அளக்காவ. விக்கதா இருந்தா எங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லச் சொல்லு."

அந்த அளவோடு தென்காசியில் வண்டிக்கு அலங்காரச் சாமான் மாட்டும் கடைக்குப் போனேன். கடைக்கார மைதீன் கண்ணாடி மாதிரி மின்னும் ஒரு ஜோடி ஃபுட்போர்டை எடுத்துவைத்தார். அதில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். சாரல் காலத்தில் ஈரச்செருப்போடு கால் வைத்தால் வழுக்கிக்கொண்டு போய்க் கேரள எல்லையில் புளியறை சோதனைச் சாவடியில்தான் எழுந்திருக்க முடியும். அது வேண்டாம், மேலே சொரசொரவென்று ரப்பர் போட்ட கறுப்புப் பலகை போதும் என்றேன். மாட்டிப் பார்த்தால் அது கதவுக்கு ஒட்டி உயரத்தில் நின்றது. இன்னும் கீழே இறங்க வேண்டும் என்றேன். இதெல்லாம் பார்வைக்குத்தான் அண்ணாச்சி, யாரும் அவ்வளவாக மிதிக்க மாட்டார்கள் என்றார். எங்கள் வீட்டில் மிதிக்க ஒருவர் இருக்கிறார், அவர் மிதிக்கத்தான் இந்த உலகமே காத்திருக்கிறது என்றேன்.

மைதீன் வெல்டிங் பட்டறையில் சொல்லி நீளமான இரும்புத் தாங்கிகள் செய்து வாங்கினார். வண்டியின் அடிச்சட்டத்தில் அவற்றைப் போல்ட் போட்டு முறுக்கி, பலகையை அவற்றின்மேல் இறக்கி உட்காரவைத்தார். நீங்கள் எப்போதும் இடப்பக்கம்தான் ஏறுவீர்கள் என்பதால் இறக்கம் இடப்பக்கம் மட்டும். வலப்பக்கம் கம்பெனி உயரத்திலேயே நின்றது. மைதீன் தள்ளிப் போய் நின்று பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒத்தப் பக்கம் எறக்குனா வண்டி நொண்டுத மாதிரிலா தெரியும்."

"நொண்டட்டும். ஏறுதவுக நொண்டாம இருந்தாச் சரி."

பலம் பார்ப்பதற்கு நானே அதன்மேல் ஏறிக் குதித்தேன். பொதிகை மலை ஒருமுறை அசைந்து கொடுத்தது. பலகை அசையவில்லை.

அடுத்த கார்த்திகைக்குச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. உங்கள் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இந்தமுறை நான் கையை நீட்டவில்லை. முன்பக்கம் போய் டயரைப் பார்ப்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். தெருவில் யாராவது பார்த்தால், காற்று குறைந்த டயருக்காக ஒரு மனிதன் இவ்வளவு உருகுகிறானே என்று நினைத்திருப்பார்கள். உங்கள் மகளைக் குடைபிடிக்க மட்டும் சொல்லியிருந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் வந்து நின்றது. நான் டயரின் ஒவ்வொரு கோட்டையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். பிறகு வண்டி இடப்பக்கம் துளியூண்டு அமுங்கியது. சீட் முனகியது. கதவு சாத்திக்கொண்டது.

உள்ளேயிருந்து உங்கள் குரல் மகளிடம் போயிற்று: "ஆனை இப்பந்தான் மண்டி போடப் படிச்சிருக்கு."

ஜெயித்தவன் நான்தான் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். இன்றைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை. ஏனென்றால் இலஞ்சியில் சாமி கும்பிட்டு முடித்த கையோடு, அருவியில் தண்ணீர் எப்படி விழுகிறதென்று ஓர் எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று மகள் மூலமாக மனு வந்தது. அதற்கடுத்த வாரம் புளியறையில் லாரிக்காரர்கள் சாப்பிடும் கடையில் பரோட்டா. உங்களுக்குப் பரோட்டா பிடிக்கும் என்பது உங்கள் மகளுக்கே அன்றுதான் தெரியும். ஆரியங்காவு வரை போய் மலையாளத்தில் நேந்திரம்பழம் பேரம் பேசினீர்கள். போகாத கல்யாணம் இல்லை, பார்க்காத சொந்தம் இல்லை. ஒரு கட்டத்தில் வண்டி உங்களுடையது, நான் சம்பளம் வாங்காத டிரைவர் என்று ஊர் நம்பத் தொடங்கியது. எங்கே போனாலும் நீங்கள் ஏறும்போது நான் டயர் பார்ப்பேன். அத்தனை வருடமும் அப்படித்தான். தமிழ்நாட்டிலேயே அதிகம் பார்க்கப்பட்ட டயர் என்னுடையதாகத்தான் இருக்கும்.

கடைசித் தடவையை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். காய்ச்சலுக்குச் சேர்த்திருந்த தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பினோம். உங்கள் மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். வண்டி நிறுத்தும் இடத்தில் நீங்களும் நானும் மட்டும். பலகையில் ஒரு காலை வைத்துவிட்டீர்கள். மறுகால் தரையை விட்டு எழவில்லை. நான் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சுற்றிலும் ஒரு தூணைத் தேடியிருப்பீர்கள். அங்கே ஒரு வேப்பங்கன்றுகூட இல்லை.

"மாப்ள."

நான் திரும்பவில்லை. என்னையாக இருக்காது என்று நினைத்தேன்.

"மாப்ள, பலகைய எறக்கியாச்சு. நீங்களுந்தான் கொஞ்சம் குனியுங்களேன்."

வந்து குனிந்தேன். என் உயரத்துக்கு அது லேசான வேலை இல்லை. உங்கள் கை என் தோளில் வந்து அமர்ந்தது. ஓர் அழுத்தம். மறுகால் பலகைக்கு வந்தது, பிறகு உள்ளே. உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, என் முகத்தைப் பார்த்தே சொன்னீர்கள்: "போதும், நிமுந்துக்கிடுங்க."

உலகத்தில் எதைப் பற்றிக் கேட்டாலும் பத்து மடங்காக்கிச் சொல்லுகிற இந்த வாய்க்கு அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. "சரி அத்தை" என்றேன். அவ்வளவுதான். உங்கள் கையின் கனம் எவ்வளவு என்று இதுவரை யாரிடமும் கூட்டிச் சொன்னதில்லை. ஒரு கை எவ்வளவு கனக்குமோ அவ்வளவு கனத்தது.

போன வாரம் மைதீனும் கேட்டுவிட்டார். இப்போது ஏறுகிறவர் இல்லையே, இடப்பக்கத்தையும் தூக்கி வலப்பக்கத்தோடு சமமாக மாட்டிவிடட்டுமா, வேகத்தடைக்கெல்லாம் உரசாது பாருங்கள் என்றார். அத்தை வீட்டில் கலந்துபேசிவிட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இன்று செங்கோட்டைக்குப் போனது அதற்குத்தான். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, முற்றத்துத் தூணின் முன்னால் நின்று, "படிய ஏத்தி மாட்டிரலாமான்னு அத்தைட்ட கேளு" என்றேன். தூண் எப்போதும்போல நின்றது. என் பக்கத்தில் உங்கள் மகள் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து அவளுக்காக வண்டிக் கதவைத் திறந்துவிட்டேன். தோள் தானாகவே இறங்கியது. இப்போதெல்லாம் யாருக்கு இடப்பக்கக் கதவைத் திறந்தாலும் அப்படித்தான் இறங்குகிறது. அவள் என் தோளில் கைவைத்து, பலகையில் கால்வைத்து ஏறி உட்கார்ந்தாள். "எங்கம்மைக்கு மட்டுந்தான் டயர் பாப்பீங்க, என்ன" என்றாள்.

திரும்பி வரும்போது இலஞ்சி விலக்கில் மெதுவாகத்தான் ஏற்றினேன். 'கிர்ர்' என்றது. டீக்கடை பெஞ்சிலிருந்து இன்னொருவர் எழுந்தார்.