ஞாயிற்றுக்கிழமை வசனங்கள்

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ, கனடா
6.10.1996

அன்புள்ள மலருக்கு,

நானும் துர்க்காவும் சுகம். நீர் கொழும்பில் குண்டு வெடிக்காத பக்கமாகப் பார்த்து நடந்து திரியும் என்று எழுத ஆசைதான். அது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்தால்தானே.

இந்தக் கிழமை என்னுடைய மானம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது உமக்கு எழுதமுதல் நானே எழுதினால் கொஞ்சமாவது குறைத்து எழுதலாம்.

துர்க்காவின் கிண்டர்காட்டின் வகுப்பில் கிழமைக்கு ஒரு விஷயம் நடக்கும். திங்கட்கிழமை அதைப்பற்றி வீட்டுக்கு ஒரு தாள் வரும். போன மாதம் ஒரு கிழமை முழுக்க அப்பிள். வெட்டிப் பார்த்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், அதைப்பற்றிப் பாடினார்கள், கடைசியில் தின்றார்கள். இந்தக் கிழமை இலை. "நிறம் மாறிய இலைகள் கொண்டு வரவும்" என்று தாளில் இருந்தது. எத்தனை என்று போடவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றைக் கேட்டால், குறையக் கொண்டு போனவனுக்குத்தானே அடி விழும். நான் கட்டடத்துக்குப் பின்னால் மேப்பிள் மரங்களின் கீழ் கூட்டி அள்ளி, ஒரு கறுப்புக் குப்பைப் பை நிறைய அடைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

போய்ப் பார்த்தால் மற்றப் பிள்ளைகளின் கையில் அஞ்சு இலை, ஆறு இலை. வாசலில் நின்ற துப்புரவுக்காரர் பையை வாங்கிக் குப்பைத்தொட்டிப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார். "நோ நோ! திஸ் இஸ் எடியுகேஷன்!" என்று நான் பின்னால் ஓடினேன். ரீச்சர் மிஸிஸ் ஹார்வி வாயில் கையை வைத்தபடி, "ஓ மிஸ்டர் சச்சி, வட் எ லொட் ஒஃப் லீவ்ஸ்!" என்றா. பாராட்டுகிறா என்று நினைத்துத் தாங்க் யூ சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில், பாதி வழியில்தான் எனக்கு விளங்கியது.

ஆனால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாம். இலையை முற்றத்தில் கொட்டி, அதற்குள் குதித்தார்களாம். துர்க்காவின் தலைமயிருக்குள் இருந்து இன்னும் தூள் வருகிறது.

இன்றைக்கு ரெலிபோனில் கேட்டீர்தானே? "அம்மா, நாங்கள் இலை பொறுக்கினனாங்கள். சிவப்பு இலை, மஞ்சள் இலை." எப்படி மணிமணியாகச் சொன்னாள்! நான் பக்கத்திலேயே நின்றேன்.

உமது விசா விஷயமாக இங்கே கேட்டேன். பொறுத்திருங்கள் என்றார்கள். அதில் எனக்கு இப்போது நல்ல அனுபவம்.

அன்புடன்,
உமது சச்சி


வெள்ளவத்தை
18.10.1996

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. கீழே ரெலிபோன் கடை வைத்திருக்கும் யேசுரட்ணம் அண்ணைக்கு உங்கள் குப்பைப் பைக் கதையை வாசித்துக் காட்டினேன். "உந்த மனிசன் நல்லகாலம் மரத்தையும் வெட்டிக்கொண்டு போகேல்லை" என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய கடையில் ஞாயிறு பின்னேரம் அழைப்புக்குக் காத்திருக்கிற சனத்துக்கெல்லாம் இப்போது துர்க்காவைத் தெரியும். நான் ரெலிபோனை வைத்ததும், "பிள்ளை இண்டைக்கு என்னவாம்?" என்று கேட்பார்கள். அப்பிளாம், இலையாம் என்று சொல்வேன். எனக்கும் அது பெருமைதான்.

ஆனால் அத்தான், ஒன்று கேட்கவேண்டும். அவள் ஏன் வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரிச் சொல்கிறாள்? நடுவில் நான் ஏதாவது கேட்டால் சத்தம் நின்றுவிடுகிறது. உடனே நீங்கள் வந்து "அவளுக்கு வெக்கம்" என்கிறீர்கள். என்னோடு என்ன வெட்கம்? இரண்டு வயதில் அவள் என்னோடு பிடிக்காத சண்டையா? பாங்கொக் விமான நிலையத்தில் என்னுடைய பாஸ்போட்டைப் பிடித்து மறித்தபோது நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள். போகச் சொன்னதும் நான்தான், அதைக் குறையாக எழுதவில்லை. உங்கள் தோளுக்கு மேலால் தலையைத் தூக்கி, "அம்மா, கெதியா வா! கெதியா வா எண்டுறன்!" என்று என்னை ஏசினாள். அந்தக் குரலைத்தான் நான் ஒவ்வொரு ஞாயிறும் தேடுகிறேன். இலையும் அப்பிளும் வருகின்றன. அந்தக் குரல் வரவில்லை.

நான் வீணாக யோசிக்கிறேனோ தெரியாது. தனிய இருந்தால் மனம் இப்படித்தான் ஓடும். வேலைக்குப் போகும்போது கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்குச் சளி பிடித்தால் அவளுக்கும் பிடிக்கும்.

அன்புடன்,
ஜெயமலர்


வெக்ஸ்போர்ட்
27.10.1996

அன்புள்ள மலருக்கு,

வீணாகத்தான் யோசிக்கிறீர். பிள்ளை வளர்கிறது. வளர்ந்த பிள்ளைகளுக்கு வெட்கம் வரும். எனக்கும் வந்திருக்கவேண்டும், வந்திருந்தால் குப்பைப் பையோடு பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டேன்.

இரண்டு கிழமைக்கு முன்னர் நன்றி சொல்லும் கிழமை. பிள்ளையின் கையைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு கீறினால் அது வான்கோழியாம். பெருவிரல் தலை, மற்ற விரல்கள் தோகை. ஒவ்வொரு பிள்ளையும் எதற்கு நன்றி என்று சொல்லவேண்டும். ஒருத்தன் தன் நாய்க்கு நன்றி என்றானாம். துர்க்கா பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நன்றி சொல்லியிருக்கிறாள். தகப்பன் பட்டியலில் இல்லை. பஸ்ஸுக்குப் பிறகாவது போட்டிருக்கலாம்.

இந்தக் கிழமை பூசணிக்காய். வகுப்பில் ஒன்றை வெட்டி, பிள்ளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கையை விடச் சொன்னார்களாம். வழுவழுப்பு எப்படி, மணம் எப்படி என்று அறிவதற்காம். வீட்டுக்கும் ஒன்று வாங்கி நான் முகம் வெட்டினேன். பேய் மாதிரி வரவேண்டியது, எங்கள் பழைய அதிபர் மாதிரி வந்துவிட்டது. வெட்டி எடுத்த சதையை எறிய மனம் வராமல் கறி வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ரெலிபோனில் கனக்கக் கேள்வி கேளாதேயும். அழைப்பு அட்டையில் நேரம் போய்விடுகிறது, அவளுக்கும் குழம்புகிறது. நீர் கேட்டுக்கொண்டு மட்டும் இரும். அவள் தானாகச் சொல்லுவாள்.

உமது சச்சி


வெள்ளவத்தை
4.11.1996

அத்தானுக்கு,

நேற்று நீங்கள் ரெலிபோனை அவசரமாக வைத்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். அவள் இருமிக்கொண்டு வந்தாள். நான் கேட்காமல் இருப்பேனா?

"துர்க்கா, தடிமனோ குஞ்சு? மருந்து குடிச்சனியோ?"

"பூசணிக்காய்க்குள்ள விதை இருக்குது அம்மா."

"அது சரி. காய்ச்சல் காயுதோ?"

"நாங்கள் விதையை எண்ணினனாங்கள்."

"துர்க்கா, நான் ஆரெண்டு உனக்குத் தெரியுமோ?"

"எனக்குப் பெரிய பூசணிக்காய்தான் விருப்பம். அம்மா, போட்டு வாறன்."

பின்னால் உங்கள் குரல் கேட்டது. "நோ, நோ, வெயிற்! தற் வண் லாஸ்ற்!" அது என்ன பாஷை அத்தான்? ஆருக்குச் சொன்னீர்கள்? அதற்கு அவள் உங்களைத் திருப்பி ஏசினாள். மூச்சு விடாமல், உரத்து, இங்கிலீஷில். ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் குரலைத் தெரிந்தது. பாங்கொக்கில் கேட்ட அதே குரல். என் பிள்ளை அங்கேதான் இருக்கிறாள். என்னோடு இத்தனை நாளும் கதைத்தது நீங்கள்.

கடையில் வழமைபோலக் கேட்டார்கள், பிள்ளை என்னவாம் என்று. பூசணிக்காய்க்குள் விதை இருக்கிறதாம் என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

எப்போதிருந்து என்று மட்டும் எழுதுங்கள்.

ஜெயமலர்


வெக்ஸ்போர்ட்
16.11.1996

அன்புள்ள மலருக்கு,

போன வருஷத்திலிருந்து.

முதல் வருஷம் பள்ளிக்கூடத்தில் விட்டபோது அவள் மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. மூலையில் நிற்பாளாம். சிறுநீர் வந்தாலும் சொல்லத் தெரியாமல் நனைந்துகொண்டு நிற்பாளாம். மிஸிஸ் ஹார்வி என்னைக் கூப்பிட்டுப் பிள்ளைகளின் கதிரையில் இருத்தினா. முழங்கால் நாடியில் முட்டுகிறது. அந்த நிலையில் ஒரு மனிசனுக்கு எதைச் சொன்னாலும் ஓம் என்றுதான் வரும். "வீட்டில் இங்கிலீஷ் பேசுங்கள், அதுதான் அவளுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி" என்றா. நல்ல மனிசி, அன்பாகத்தான் சொன்னா. ரீச்சர் சொன்னால் அப்பீல் இல்லை என்றுதானே நாங்கள் வளர்ந்தோம்.

எனக்கு இங்கிலீஷ் எவ்வளவு என்று உமக்குத் தெரியும். சோதனையில் இரண்டு தரம் கோட்டை விட்டவன். அன்றிரவே தொடங்கினேன். "ஈற் த றைஸ். வோஷ் த லெக். ஸ்லீப்பிங் நௌ." பகலில் அவளைப் பார்க்கிற கீழ்மாடிக் கயானா அன்ரிக்கும் இங்கிலீஷ்தான். ஆறு மாதத்தில் பிள்ளை என்னைத் திருத்தத் தொடங்கிவிட்டாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, மறைக்கவில்லை.

தமிழ் எங்கேயும் ஓடாது, உள்ளே இருக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் பார்த்தால் இல்லை. உமக்கு எப்படிச் சொல்ல? பள்ளித் தாள் வந்ததும் அதிலிருந்து நாலு வசனம் தமிழில் செய்து, சனிக்கிழமை பாடமாக்குவேன். ஒரு வசனத்துக்கு ஒரு இனிப்பு. உமக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான்.

உமது கடிதம் வந்த நாளிலிருந்து தமிழில்தான் கதைக்கிறேன். காதைப் பொத்திக்கொள்கிறாள். "ஸ்ரொப் இற், டடி. டோக் நோர்மல்!" நேற்று, "இஞ்ச வா பிள்ளை, அப்பாவோட கொஞ்சம் கதை" என்றேன். அழுதுகொண்டு போய்ப் படுத்துவிட்டாள். நான் ஏதோ தண்டிக்கிறேன் என்று நினைக்கிறாள்.

இந்தக் கிழமை வகுப்பில் சிவப்புக் கடதாசியில் பூச் செய்தார்கள். சண்டையில் செத்த படையினரை நினைப்பதற்காம். அதைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்து, சண்டையெல்லாம் முந்தி நடந்ததாம், இப்போது முடிந்துவிட்டதாம் என்று எனக்குப் படிப்பித்தாள். "அம்மா இருக்கிற இடத்தில இன்னும் முடியேல்லை குஞ்சு" என்றேன். விளங்காமல் என் வாயைப் பார்த்தாள். பிறகு கார்ட்டூன் பார்க்கப் போய்விட்டாள்.

என்னை ஏசி எழுதும். எழுதாமல் மட்டும் இருக்காதேயும்.

சச்சி


வெள்ளவத்தை
28.11.1996

துர்க்காவின் அப்பாவுக்கு,

விசா வந்துவிட்டது. டிசம்பர் 28ஆம் திகதி அங்கே இறங்குகிறேன்.

நீங்கள் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? நீங்கள் கெட்டவராக இருந்திருந்தால் உங்களோடு சண்டை பிடித்து முடித்திருக்கலாம்.

இனி ஞாயிற்றுக்கிழமை எடுக்கவேண்டாம். நான் இல்லை என்று சொல்லும்படி யேசுரட்ணம் அண்ணையிடம் சொல்லியிருக்கிறேன். விமான நிலையத்துக்கு அவளைக் கூட்டி வரவேண்டாம். அதற்கும் நாலு வசனம் செய்துவிடுவீர்கள். அத்தனை சனத்துக்கு நடுவில், இனிப்பு வாங்கிய பிள்ளை என்னை "அம்மா வாங்கோ" என்று சொல்ல நான் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டேன்.

அங்கே ரூஜ் பக்கம் இருக்கிற எங்கள் ஊர் அருள்மலர் அக்கா அறை தருவதாகச் சொல்லியிருக்கிறா. முதலில் அங்கேதான் இருப்பேன். பின்னேரங்களில் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகிறேன். அவள் தானாக ஒருநாள் என்னைப் போகவேண்டாம் என்று சொன்னால் நிற்கிறேன். எந்தப் பாஷையில் சொன்னாலும் சரி. அதுவரைக்கும் உங்களோடு ஒரு வீட்டில் இருக்க என்னால் முடியாது.

ஜெயமலர்


வெக்ஸ்போர்ட்
9.12.1996

அன்புள்ள மலருக்கு,

இந்தக் கடிதம் நீர் வெளிக்கிட முதல் வந்து சேருமோ தெரியாது. சேராவிட்டால் யேசுரட்ணம் அண்ணை வாசித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

அருள்மலர் அக்காவோடு கதைத்தேன். அறை வெளிச்சமான அறைதான். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு இரண்டு பஸ். எந்த பஸ் என்று போய்ப் பார்த்து வைத்திருக்கிறேன். குளிருக்கு உமக்கு ஒரு கோட் வாங்கியிருக்கிறேன். அளவு மாறியிருக்குமோ என்று கடையில் வெகுநேரம் நின்றேன். துர்க்காவை விமான நிலையத்துக்குக் கூட்டிவரமாட்டேன். வசனமும் செய்யவில்லை.

இங்கே ஸ்னோ கொட்டிவிட்டது. வகுப்பில் இப்போது குளிர் உடுப்புக் கிழமை. எதை முதலில் போடுவது, எதைப் பிறகு போடுவது என்று படிக்கிறார்கள். அவள்தான் எனக்குப் படிப்பிக்கிறாள். காலுறைக்கு முதல் சப்பாத்தைப் போட்டேனென்று வயிறு பிடித்துச் சிரித்தாள்.

வியாழக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். திரும்பவும் அதே சின்னக் கதிரை. மிஸிஸ் ஹார்வி பிள்ளையின் வேலைகளை ஒவ்வொன்றாகக் காட்டினா. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் துர்க்காவுக்கும் இப்போது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, கதை சொல்வதில் அவள்தான் வகுப்பில் முதல் என்றா. "வீட்டில் நீங்கள் செய்த வேலைதான் மிஸ்டர் சச்சி, இப்படிச் சொன்னதைச் செய்கிற தகப்பன் எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்காது" என்று என்னுடைய கையைப் பிடித்தா. நான் தாங்க் யூ சொன்னேன்.

அவளுடைய தாய் வருகிறா என்றும் சொன்னேன். மனிசிக்குக் கண் கலங்கிவிட்டது. அவவுக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்டா. "லிற்றில்" என்றேன். "கவலையே வேண்டாம், துர்க்கா அவவுக்குச் சொல்லிக் கொடுப்பா" என்று சிரித்தா. நானும் சிரித்தேன். எழும்பும்போது கதிரையும் என்னோடு சேர்ந்து எழும்பியது. அதற்கும் இரண்டு பேரும் சிரித்தோம்.

வாசல் மட்டும் வந்து, திரும்பிப்போய்ச் சொல்லுவோமா என்று நின்றேன் மலர். வாயில் வந்தது தமிழாக இருந்தது. இங்கிலீஷில் செய்துபார்த்தேன், வரவில்லை. அதனால் உமக்குத்தான் எழுதுகிறேன்:

"அந்தப் பிள்ளையோட கதைக்கத் தாய்க்கு ஒரு பாஷை இருந்தது மிஸ். அதை நீங்களும் நானும் சேர்ந்துதான் நிப்பாட்டினனாங்கள்."

சச்சிதானந்தன்