விளையாட்டுப் பெட்டியும் என் சகலையும்

டிசம்பர் 3, வெள்ளி. எங்கள் மலையூர் நாரின்.

என் நகைச்சுவைப் பத்தியை வெளியிடும் வாரப் பத்திரிகைக்குப் புது ஆசிரியை வந்திருக்கிறாள், நுர்ஜமால். இன்று சொல்லிவிட்டாள்: "அண்ணே, புத்தாண்டிலேர்ந்து கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுத்தாத்தான் போடுவோம். உங்க கையெழுத்தப் பார்த்து டைப்பிஸ்டுக்குத் தலை சுத்துதாம்."

இத்தனை வருஷமாக இந்த ஊரையே கிண்டலடித்தவன் இனி ஊமையாவதா?

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சகலை ஒர்மோனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "கடைக்கு வாய்யா சகலை. தொப்பியக் கழட்டிட்டுக் கேளு, ஒண்ணு எடுத்துத் தரேன்."

அவனிடம் தொப்பியைக் கழற்றிக் கெஞ்சுவதா? தலையே போனாலும் கழற்றமாட்டேன்.

டிசம்பர் 6

மச்சான் மாஸ்கோவுக்கு வேலைக்குப் போனபோது விட்டுச் சென்ற, டிவியில் மாட்டி வீடியோ கேம் ஆடும் விளையாட்டுப் பெட்டி அலமாரிக்கு அடியில் கிடக்கிறது. திருட்டு வட்டு ஓடுவதற்காக தலைநகர் பிஷ்கெக் சந்தையில் உள்ளே ஒரு சிப் வைத்து வாங்கியது. அப்படிப்பட்ட பெட்டியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் அதுவே கம்ப்யூட்டர் ஆகிவிடும் என்று ஒரு ரஷ்ய இதழில் போட்டிருக்கிறான். எனக்கென்ன பயம்? ரேடியோத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் நான். சமையற்கூடத்தில்தான், ஆனாலும் தொழிற்சாலை தொழிற்சாலைதானே.

டிசம்பர் 9

தபாலாபீஸ் பக்கத்து நெட் கடையில் பதிந்துகொண்டு வந்த லினக்ஸ் வட்டையெல்லாம் பெட்டி துப்பிவிட்டது. கடைசியாக வேறு வகை வட்டு ஒன்று. அதை மட்டும், புது மருமகள் ஊற்றிய தேநீரை மாமியார் குடிப்பதுபோல, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏற்றது.

டிசம்பர் 12

விசைப்பலகையைச் செருக வழியில்லை, துளையின் வடிவமே வேறு. விளையாட்டுக் கைப்பிடியின் வயரை வெட்டி, நிறம் பார்த்து, விசைப்பலகை வயரோடு முறுக்கினேன்.

"எந்தம்பி வந்து கேட்டா என்ன சொல்றது?" என்றாள் என் மனைவி கானிஷாய்.

"குளிர்ல அறுந்துபோச்சுன்னு சொல்லு."

டிசம்பர் 13

டிவியில் எழுத்து வந்துவிட்டது! எறும்பு ஊர்வதுபோலத்தான், ஆனால் எழுத்து! இத்தனை பெரிய மனிதரைத் தரையில் வைக்கலாமா? அறையில் பெரியவர்களை உட்காரவைக்கும் பக்கம் அடுக்கியிருக்கும் பஞ்சு மெத்தைகளின் உச்சியில் ஏற்றி, கானிஷாயின் பூவேலைத் துணியையும் போர்த்திவிட்டோம்.

டிசம்பர் 16

அணைந்துவிட்டது.

டிசம்பர் 17

மறுபடி அணைந்தது. ஒரு பத்தி அடிப்பதற்குள் உயிரை விடுகிறது. சிப் கெட்டுவிட்டதா? வட்டா? என் வயர் முறுக்கலா?

ஒர்மோன் வந்து பார்த்துச் சிரித்தான். "பொம்மைக்கு மீசை வரைஞ்சா ஆம்பளையாயிடுமா சகலை?"

"உன் கடை கம்ப்யூட்டருக்கெல்லாம் சளி பிடிச்சுக் கிடக்கே, மொதல்ல அதுக்கு மூக்கச் சிந்தி விடு" என்றேன்.

அவன் போனபிறகு காலண்டரைப் பார்த்தேன். புத்தாண்டுக்கு இரண்டே வாரம். என்ன பண்ணப் போறேன்? நெஜமாவே என் கதை முடிஞ்சுதா? — முடியலை. விடறதா இல்ல.

டிசம்பர் 20

கழுதை நான். துணியை எடுக்கக் கைவைத்தேன், விரல் சுட்டது. பெட்டியின் காற்றுத்துளைகள் எல்லாம் மெத்தையில் புதைந்திருக்கின்றன. பாவம், மூச்சுமுட்டி வெந்துகொண்டிருந்திருக்கிறது! ஆற்றுநீரே உறைந்து கிடக்கும் ஊரில் ஓர் இயந்திரத்தை மரியாதை செய்தே கொல்லப் பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இனி மரியாதை கிடையாது. மூடியைக் கழற்றி, பனி பிடித்த ஜன்னலோரம் இரண்டு செங்கல்லின் மேல் உட்காரவைத்தேன்.

"இப்படி அம்மணமாவா? வர்றவங்க பார்த்தா மானம் போயிடும்" என்கிறாள் கானிஷாய்.

போகட்டும். மாலைவரை அணையவில்லை.

டிசம்பர் 23

பத்தி முடிந்தது. அதே வயர் முறுக்கு வித்தையில் பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நுர்ஜமால் திறந்து பார்த்தாள். படித்துச் சிரித்தாள். "யார் கம்ப்யூட்டர் அண்ணே?"

"என்னுது."

ஜனவரி 7, வெள்ளி

பத்தி வந்துவிட்டது. தன் கடைச் சரக்குக்கு மூக்குச் சிந்திவிடும் ஒரு நீள மூக்குக் கடைக்காரனைப் பற்றியது.

மதியம் ஒர்மோன் வாசலில் நின்றான், கக்கத்தில் பத்திரிகை. அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று வாணலியைக் கையில் எடுத்தேன். அவனோ கோட்டுப் பையிலிருந்து உள்ளங்கை அளவு விசிறி ஒன்றை எடுத்து நீட்டினான். கம்ப்யூட்டர் சூடாகாமலிருக்க உள்ளே மாட்டுவது; அக்கா தங்கை வழியாக விஷயம் போயிருக்கிறது.

"வீட்டுக்கு வந்த புதுப் பொண்ணைப் பார்க்க வெறுங்கையோடவா வருவாங்க?" என்றான்.

செங்கல் மேல் இருந்ததைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு குனிந்தபடியே கேட்டான்: "என் மூக்கு அவ்வளவு நீளமா, சகலை?"

"எடமில்லாம பாதியைத்தான் எழுதினேன்."

விசிறியை அவனே மாட்டிவிட்டுப் போனான்.