உயரமானியில் ஒரே எண்

காரைக்கால்
30 ஜூலை 1978

அன்புள்ள இஞ்ஞாசிக்கு,

விமானத்தை என் மகன் தனியாகத் தரையில் இறக்கினான் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறேனாம். எதிர்வீட்டு அஞ்சுகம் இதை உனக்கே எழுதிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அது தவறு. நான் சொன்னது இதுதான்: கேப்டன் வைத்தியலிங்கம் ஓட்டினார், என் மகன் துணை விமானியாகப் பக்கத்தில் இருந்தான், ஓடுபாதைக்கு முன்னாலேயே விமானம் வயலில் மோதி இறங்கியது, கேப்டன் இறந்துபோனார், பயணிகள் நாற்பத்தொரு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். இதில் பொய் எங்கே இருக்கிறது? கொஞ்சம் நிமிர்ந்து நின்று சொல்லியிருப்பேன். அது குற்றமில்லை.

உன் தோள்பட்டை எலும்பு கூடிவிட்டதா? பம்பாய் மருத்துவர் கட்டைப் பிரித்தாரா என்று நீ எழுதவில்லை. பாரம் எதையும் தூக்காதே.

விபத்துக்குக் காரணம் என்ன என்று மூன்று பத்திரிகைகள் நான்கு விதமாக எழுதுகின்றன. கன்னியர் மடத்தில் படித்தவள் நான். பத்திரிகையில் வந்ததாலேயே ஒன்றை நம்பிவிட மாட்டேன். நான்கையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மழையும் மேகமும் என்கிறார்கள். அதே மழையில் அரைமணி முன்னால் இன்னொரு விமானம் பத்திரமாக இறங்கியிருக்கிறது. களைப்பு என்கிறார்கள். முந்தின நாள் உங்கள் இருவருக்கும் ஓய்வு. கருவிக் கோளாறு என்கிறார்கள். உயரத்தைக் காட்டும் கருவி கேப்டனுக்கு ஒன்று, உனக்கு ஒன்று. இரண்டிலும் ஒரே காற்றழுத்த எண் வைக்கப்பட்டிருந்ததாம், அந்த எண் தவறாம். இரண்டு கடிகாரங்கள் ஒரே நேரத்தில் ஒரே அளவு கெட்டுப்போகுமா? ஆகவே மிஞ்சியது நான்காவது. அந்த எண்ணை உங்களுக்குச் சொன்ன விமான நிலையக் கோபுரத்து அதிகாரி தவறாகச் சொல்லியிருக்கிறார். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதும் அதனால்தான். பூசை முடிந்து கேட்டவர்களுக்கெல்லாம் இதை விளக்கினேன். சாமியாரும் நின்று கேட்டார்.

மீன்காரக் குஞ்சம்மாவுக்குத்தான் விளங்கவில்லை. "ஏம்மா, தம்பிதான் பக்கத்துல இருந்துச்சே, வயலுன்னு தெரியலியா அதுக்கு?" என்றாள். நீ மீனை எடைபோடு என்றேன்.

கேப்டன் இரண்டு வருடம் முன்பு கிறிஸ்துமஸுக்கு எனக்கு எழுதிய கடிதத்தை எடுத்துப் படித்தேன். "உங்கள் மகனைப்போல மரியாதை தெரிந்த துணை விமானி எனக்கு வாய்த்ததில்லை. ஒரு நாளும் எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை" என்று எழுதியிருக்கிறார். அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று யோசிக்கிறேன்.

இன்னொன்று. கோட்டுச்சேரி சிலுவைராஜ் வாத்தியாரின் மகள் அமலராணியை உனக்குக் கேட்கிறார்கள். நல்ல குடும்பம், பெண் ஆசிரியப் பயிற்சி முடித்திருக்கிறாள். எனக்குப் பிடித்திருக்கிறது. உன் சம்மதத்தை எழுது.

உன் தாய்,
சலோமி


பம்பாய்
9 ஆகஸ்ட் 1978

அன்புள்ள அம்மாவுக்கு,

கட்டைப் பிரித்துவிட்டார்கள். வலி குறைவுதான்.

பெண் விஷயம் உங்கள் விருப்பம். சரிங்கம்மா.

இனி எழுதப்போவதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கோபுரத்து அதிகாரிதான் காரணம் என்று தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். அவர் சரியான எண்ணைத்தான் சொன்னார்.

ஒவ்வோர் ஊரிலும் அன்றைய காற்றழுத்தத்தைச் சொல்வார்கள். உயரமானியில் ஒரு சின்னக் குமிழைத் திருகி அந்த எண்ணை வைக்க வேண்டும். அன்று புயல் மழை. அழுத்தம் மிகக் குறைவு. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு என்றார்கள். நான் என்னுடையதில் அதை வைத்தேன். கேப்டன் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் முந்தின ஊரின் எண் அவருடையதில் அப்படியே இருந்துவிட்டது. அது ஆயிரத்து ஆறு. அதனால் அவருடைய கருவி, நாங்கள் இருந்ததைவிட இருநூற்றெண்பது அடி கூடுதல் உயரத்தில் இருப்பதாகக் காட்டியது.

அவர் கேட்டார். "என்னப்பா, ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்று தமிழில்தான் கேட்டார். என்னுடையது வேறு என்று நான் பார்த்தேன். பதினைந்தாயிரம் மணி நேரம் பறந்தவர். அவர் வைத்தது தவறாக இருக்காது, நான்தான் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். என் குமிழைத் திருகி அவருடைய எண்ணை வைத்தேன். பிறகு "சரிங்க சார்" என்றேன்.

இரண்டிலும் ஒரே எண் இருந்தது அப்படித்தான். கோபுரத்தில் பேச்சைப் பதிவு செய்யும் கருவி அன்று பழுது. எங்கள் பதிவுப்பெட்டியும் சிதைந்துவிட்டது. ஆகவே தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மேகத்தை விட்டு வெளியே வந்ததும் வயல் கண்ணெதிரே இருந்தது. கேப்டன் கடைசி நொடியில் மூக்கைத் தூக்கினார். நாற்பத்தொரு பேர் பிழைத்தது அதனால்தான். அவரைத் தவறு செய்தவர் என்று நான் எப்படிச் சொல்வேன்? சொன்னால் என் உரிமமும் போகும். சொல்லாவிட்டால் அந்த அதிகாரியின் வேலை போகும். செப்டம்பர் நான்காம் தேதி விசாரணை நீதிபதி முன் சாட்சி சொல்ல வேண்டும்.

நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

உங்கள் மகன்,
இஞ்ஞாசி


காரைக்கால்
17 ஆகஸ்ட் 1978

அன்புள்ள இஞ்ஞாசிக்கு,

உன் கடிதம் பதினான்காம் தேதி வந்தது. மறுநாள் மாதாவின் விண்ணேற்பு. பூசைக்குப் போனேன், ஆனால் முடிந்ததும் வாசலில் நிற்காமல் நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று நாள் உனக்கு எழுத உட்கார்ந்து எழுந்தேன். இது நான்காவது தாள்.

முதலில் உன் குற்றம். பள்ளியில் மதர் எங்களுக்கு டிக்தே வைப்பார்கள். அவர்கள் பிரெஞ்சில் வாசிப்பார்கள், நாங்கள் காதால் கேட்டு எழுத வேண்டும். பிழைக்கு ஒரு மதிப்பெண் போகும். ஆனால் தன் தாளில் சரியாக எழுதியதை அழித்து, பக்கத்துப் பெண்ணின் தாளைப் பார்த்து மாற்றி எழுதியவளுக்கு மொத்தமும் சுழியம். நீ செய்தது அதுதான். நீ சரியாகத்தான் கேட்டாய், சரியாகத்தான் வைத்தாய். பிறகு உன் கையாலேயே அதைத் திருகினாய்.

இப்போது என் குற்றம். இதை எழுதத்தான் மூன்று நாள் ஆயிற்று.

உனக்குப் பத்து வயது. என் தம்பி பாதிரியாராகும் குருப்பட்டத்துக்காகக் கும்பகோணம் புறப்பட வேண்டும். முந்தின நாள் மாலை விருந்தாளிகள் நடுவில் உன் அப்பா, பேரளம் வண்டி காலை ஆறு நாற்பதுக்கு என்றார். நீ, "இல்லப்பா, ஆறு பத்துக்கு மாத்திட்டாங்க, ஸ்டேஷன் பலகையில எழுதிப் போட்டிருக்கு" என்றாய். நாலு பேர் முன்னால் அப்பாவைத் திருத்துகிறாயா என்று உன்னை மாதா படத்தின் முன் ஜெபமாலை முடியும்வரை முழங்காலில் நிறுத்தினேன். எழுந்தபோது, "அப்பா சொன்னது சரிதான்" என்று உன் வாயால் சொல்ல வைத்தேன். மறுநாள் ஆறரை மணிக்கு நாம் போய் நின்றபோது தண்டவாளம்தான் இருந்தது. என் உடன்பிறந்தவன் பட்டம் பெறுவதை நான் பார்க்கவில்லை. நடைமேடையில் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாய். பிள்ளையை எவ்வளவு நன்றாக வளர்த்திருக்கிறேன் என்று அன்று பெருமைப்பட்டேன். இருபத்தொரு வருடமாக அந்தப் பெருமை என்னிடம் இருந்தது.

விபத்துக்குக் காரணம் தேடி நான்கை எழுதினேன் அல்லவா? ஐந்தாவது ஒன்று இருந்திருக்கிறது. அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

நான் சொல்கிறபடி செய்வதாக எழுதியிருக்கிறாய். நான் சொல்லப் போவதில்லை. எனக்கு ஒரு முடிவு இருக்கிறது. அதை இந்தத் தாளில் எழுத மாட்டேன். எழுதினால் மறுபடியும் பக்கத்து எண்ணைப் பார்த்துத்தான் உன் குமிழைத் திருகுவாய். அந்த நாற்காலியில் நீ மட்டும்தான் இருந்தாய். நீயே பார்த்து முடிவு செய்.

எதைச் செய்தாலும் தலையைக் குனிந்துகொண்டு செய்யாதே. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொள்.

உன் தாய்,
சலோமி


பம்பாய்
6 செப்டம்பர் 1978

அன்புள்ள அம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன். இஸ்திரி போட்ட சட்டைதான்.

என்னை விசாரிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. "சரியான எண்ணை ஏன் மாற்றினீர்கள்?" என்று நீதிபதி கேட்டார். "அவர் பெரியவர்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உயரமானிக்கு அது தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். கேப்டன் என்னைக் கேட்டார் என்பதையும், கடைசியில் மூக்கைத் தூக்கியதையும் இரண்டு முறை சொல்லி, எழுதிக்கொண்டார்களா என்று பார்த்தேன்.

என் உரிமத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இறுதி அறிக்கை வர மாதக் கணக்காகும். கோபுரத்து அதிகாரியை மறுநாளே வேலைக்குத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். விசாரணை அறைக்கு வெளியே நடையில் எதிரே வந்தார். நான் தோளைத் தாங்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒரு வேலையை என்னால் செய்ய முடியவில்லை. மாயவரத்தில் கேப்டன் வீட்டு அம்மாவுக்குப் பத்திரிகை பார்த்துத் தெரியக் கூடாது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

உங்கள் மகன்,
இஞ்ஞாசி


காரைக்கால்
18 செப்டம்பர் 1978

அன்புள்ள இஞ்ஞாசிக்கு,

உன் கடிதம் கிடைத்த மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மாயவரம் போனேன். கேப்டனின் மனைவி கமலாம்பாள் என்னை இதற்குமுன் பார்த்ததில்லை. இன்னாரின் தாய் என்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். எண்ணை மாற்றாதது அவர் கணவர், அதைப் பார்த்தும் சொல்லாதது என் மகன் என்றேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அவரு கேட்டாருல்லங்க? ரெண்டும் ஒண்ணான்னு?" என்றார்.

"கேட்டாருங்க. என் மகன் சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கான்."

"அது போதுங்க. கவனமில்லாம எறங்குனவருன்னு எழுதிடுவாங்களோன்னுதான் கெடந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுலயும் கேப்பாருங்க, கொழம்பு சரியா இருக்கான்னு. ஆனா இல்லைன்னு சொன்னா ரெண்டு நாளைக்குப் பேச்சு வராது. நாங்களே சரின்னுதான் சொல்லிப் பழகிட்டோம். தம்பிய மட்டும் என்ன சொல்றது?" என்றார். நான் கிளம்பும்போது வாழைக்காய் ஒரு சீப்பு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வழக்கமான இடத்தில் நின்றேன். ஜூலையில் நான் சொன்னது பிழை, கோபுரத்து மனிதர்மேல் தவறே இல்லை, தவறு கேப்டனுடையதும் என் மகனுடையதும், அதை என் மகன் நீதிபதி முன் தன் வாயாலேயே சொன்னான் என்றேன். அஞ்சுகம், "அப்ப தம்பிக்கு வேலை போயிடுமா?" என்று கேட்டாள். போகலாம் என்றேன். முன்பைவிட நிமிர்ந்துதான் சொன்னேன். இதையும் அவள் உனக்கு எழுதுவாள். இந்த முறை அவள் எழுதுவது சரியாக இருக்கும்.

குஞ்சம்மாவிடமும் சொன்னேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இதுக்கா இம்புட்டு வெசாரணை? எங்க மாமனாரு சுக்கான் புடிச்சா அப்படித்தாம்மா. முன்னால பாறை இருக்குன்னு எங்க வூட்டுக்காரருக்குத் தெரியும். வாயத் தொறக்கல. படகு ஒடஞ்சப்புறம், தெரியும்ப்பாங்குறாரு!" என்றாள். கடலிலும் இதே கதைதான் போலிருக்கிறது.

கேப்டனின் கடிதத்தைச் சட்டம் போடவில்லை. கிழிக்கவும் இல்லை, அவர் நல்ல மனதோடு எழுதியது. உன் செப்டம்பர் ஆறாம் தேதிக் கடிதத்தை அதற்கு மேலே வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. உன் ஆகஸ்ட் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். "பெண் விஷயம் உங்கள் விருப்பம். சரிங்கம்மா" என்று எழுதியிருக்கிறாய். அப்போது அந்த வரியைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். சிலுவைராஜ் வாத்தியாருக்கு அன்றே சொல்லியனுப்பிவிட்டேன். இப்போது படித்தால் "சரிங்க சார்" என்று கேட்கிறது.

அமலராணி நல்ல பெண். அவளிடமும் யாரோ கேட்டு, அவளும் சரி என்று சொல்லியிருப்பாள். கொடுத்த வார்த்தையைத் திரும்ப வாங்க நான் கோட்டுச்சேரி போக வேண்டியிருந்தால் போவேன். மாயவரம் போய் வந்தவளுக்குக் கோட்டுச்சேரி தூரமில்லை.

உனக்கு விருப்பமா, இல்லையா? இல்லை என்றால் இல்லை என்றே எழுது. உன் கைப்பட எழுதி, தபாலில் அனுப்பு.

உன் தாய்,
சலோமி